மலைகளுக்கு நடுவே ஒரு கடல்

சப்பிரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கைத் தீவின் ஒன்பது மாகாணங்களுள் கடலைத் தொடாதவை நான்கு. அவற்றுள் ஒன்று இது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்த இம்மாகாணத்தின் தேயிலை மலைகளிலும் இறப்பர்க் காடுகளிலும் பிறந்து, வளர்ந்து, உழைத்து, கடலை ஒருமுறையேனும் கண்ணாற் காணாமலே முதுமையடைந்தவர்கள் பலர் உளர். எங்கள் அன்னையாரும் அவர்களுள் ஒருவர்.

எண்பது வயதை எட்டிவிட்ட அன்னையாருக்குக் கடல் என்பது ஒரு சொல் மாத்திரமே. அந்தச் சொல்லுக்கும் அவரிடம் ஒரே பொருள்தான் உண்டு: அண்ணனைக் கொண்டுபோன தண்ணீர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, பின்வந்த ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரிற் கப்பலேறி அக்கரை சென்றார்கள் அல்லவா? எங்கள் மாமாவும் அவ்வாறு 1970களிற் சென்றவரே. பலாங்கொடை பஸ் நிலையம்வரை சென்று அவரை வழியனுப்பிய அன்னையார், அதற்குமேல் அவரைக் காணவில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பல ஆண்டுகள் கடிதம் வந்துகொண்டிருந்தது. பின்பு ஒருநாள், அவர் காலமான செய்தி வந்தது.

சென்ற ஆடி மாதத்திலே, அமாவாசை கழிந்த ஞாயிற்றுக்கிழமையன்று, "ஒரு தரமாவது கடலப் பாக்கணும்" என்று அன்னையார் வாய்விட்டுக் கூறினார். முழங்கால் வலியோடு தென்கரைவரை நெடுந்தூரப் பயணம் அவருக்கு இயலாது. நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபொழுது, பள்ளியிற் பயிலும் எங்கள் மகள், "அப்பாயி, நம்ம பக்கத்திலேயே கடல் மாதிரி ஒரு தண்ணி இருக்கு, டீச்சர் சொன்னாங்க" என்றாள். அவள் கூறியது சமனலவெவ நீர்த்தேக்கத்தை. அன்று காலை பத்து மணிக்கு நாங்கள் ஐவரும் ஒரு வாடகை வாகனத்திற் புறப்பட்டோம்.

வழியும் முதற் காட்சியும்

பலாங்கொடையிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை, கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைப்பதாகும். அதிற் சிறிது தூரம் சென்றதுமே நிலத்தின் குணம் மாறுவதைக் காணலாம். பின்னால் விட்டு வந்த மலைகளில் மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து பறிப்போர் தலையிற் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். முன்னாலோ வெயில். ஈரம் சொட்டும் தேயிலைச் சரிவுகள் குறைந்து, மஞ்சள் பூத்த புல்வெளிகளும் மிளகுக்கொடி படர்ந்த வீட்டுத் தோட்டங்களும் தோன்றின. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளிலே இறக்கிவிட்டு, வெறுங்காற்றாய் மலைமுதுகைத் தாண்டி இப்புறம் இறங்குகின்றது. ஆகவே, ஆடி மாதத்தில் இரத்தினபுரியிற் குடை பிடிக்க வேண்டும். இங்கே தலைப்பாகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பம்பஹின்னையில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, வளைந்து வளைந்து இறங்கும் கிளைப்பாதையிற் சென்றோம். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. அன்னையார் முன் ஆசனத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழ முயன்றார்.

வடக்கே ஹோட்டன் சமவெளியின் தென்விளிம்பு நீலச் சுவர்போல் உயர்ந்து நிற்கின்றது. அதன் அடிவாரத்துக் குன்றுகளுக்கு இடையே, கையை விரித்து வைத்தாற்போலப் பல விரல்களாய்ப் பிரிந்து கிடக்கின்றது நீர். ஒவ்வொரு விரலும் ஒரு பள்ளத்தாக்கினுள்ளே நுழைந்து மறைகின்றது. ஆகையால் எங்கே நின்று பார்த்தாலும் முழுப்பரப்பும் கண்ணில் அடங்குவதில்லை. அன்று நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்திருந்தது. கரையோரம் செம்மண் படிக்கட்டுகள்போல அடுக்கடுக்காய்த் தெரிந்தது. முன்னொரு காலத்தில் நிலத்தில் நின்ற மரங்கள், இலையும் பட்டையும் இழந்து, வெண்ணிறக் கொம்புகளாய் நீரினின்றும் எழுந்து நின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. காற்று வீச வீச, சிறு அலைகள் நுரைகட்டிக் கரையை மோதின.

"அலையடிக்குதே!" என்றார் அன்னையார். அவருக்கு அது போதுமாயிருந்தது.

குளத்தைக் கடலென்ற மரபு

ஏரியைக் கடலென்று கூறுவது வெறும் பேச்சலங்காரமன்று. நம் நாட்டவரின் நெடுநாள் வழக்கம் அது. பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் அமைத்த பெருங்குளத்துக்குப் பராக்கிரம சமுத்திரம் என்றே பெயர். அக்கரையிலும் அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம் என ஊர்ப்பெயர்கள் வழங்குகின்றன. அவ்வூர்களிற் கடலைத் தேடினால் கிடையாது. வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த உழவனுக்கு, நிறைந்த நீரே சமுத்திரமாகத் தோன்றியது போலும்!

உண்மைக் கடலும் சப்பிரகமுவ மலைகளுக்கு அந்நியமன்று. குருவிட்டைக்கு அருகேயுள்ள பட்டதொம்பலெனக் குகையில் தொல்பொருள் ஆய்வாளர் அகழ்ந்தபொழுது, 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் கிடைத்தன. அவற்றோடு கடற்சிப்பியாற் செய்த மணிகளும் கிடைத்தன. கரையிலிருந்து காடும் மலையும் கடந்து அந்தச் சிப்பி எவ்வாறு வந்தது? எவரேனும் நடந்து சென்று பொறுக்கி வந்தனரா? அல்லது கைமாறிக் கைமாறி வந்ததா? கடலை விரும்பி அதன் துண்டொன்றைக் கழுத்திற் கட்டிக்கொண்ட மலைவாசி ஒருவர் அக்காலத்தே இருந்தார் என்பது மாத்திரம் உறுதி.

இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளும் ஒரு நீர்க்கதை கூறுகின்றன. மணிக்கற்கள் கிடக்கும் சரளைப் படிவத்தை, 'இல்லம்' என்று குழித்தொழிலாளர் கூறுவர். அதிலே நீலமும் புஷ்பராகமும் மட்டுமன்றி, யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எலும்புகளும் பற்களும் அகப்பட்டதுண்டு. அறிஞர் பி. ஈ. பி. தெரணியகலை அவற்றைச் சேர்த்து ஆராய்ந்து எழுதினார். இன்று இலங்கையில் நீர்யானையைக் காண விலங்குக்காட்சிச் சாலைக்குத்தான் செல்ல வேண்டும். ஒரு காலத்திலோ, அது படுத்துப் புரளும் அளவுக்கு நீர்நிலைகள் இப்பள்ளத்தாக்குகளில் இருந்தன. ஆகவே, மலைநடுவே நீர் பரந்து கிடப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

பெயரும் பிறப்பும்

'சமனல' என்னும் சிங்களச் சொல்லுக்கு வண்ணத்துப்பூச்சி என்பது பொருள். நாம் சிவனொளிபாதமலை என்று வணங்கும் சிகரத்தைச் சிங்கள மக்கள் சமனல கந்த என்றும் அழைப்பர். அங்கே பருவந்தோறும் கூட்டங்கூட்டமாய்ப் பறந்து செல்லும் வண்ணத்துப்பூச்சிகளும் யாத்திரை செய்கின்றன என்பது மக்களின் நம்பிக்கை. 'வெவ' என்பது குளம். ஆகச் சமனலவெவ என்பதை வண்ணத்துப்பூச்சி வாவி என்று நாம் தமிழில் அழைக்கலாம். கிளைவிரித்த அதன் நீர்ப்பரப்பை மலையுச்சியிலிருந்து பார்த்த எங்கள் மகன், "பூச்சி மாதிரி இல்ல, நண்டு மாதிரி இருக்கு" என்றான்!

இவ்வாவி இயற்கையாய் உண்டானதன்று. வளவை கங்கையும் பெலிஹுல் ஓயாவும் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, 1986ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 1992இல் நிறைவேறிய அணைக்கட்டினால் உருவானது. பாறைக் கற்களைக் குவித்து, நடுவிலே நீர்புகாத களிமண் சுவரை வைத்துக் கட்டிய அணை அது. உயரம் 100 மீற்றருக்கும், நீளம் 500 மீற்றருக்கும் மேற்பட்டது. இங்கே தேங்கும் நீர், மலையைக் குடைந்த 5 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே ஓடி, 300 மீற்றருக்கு மேல் வீழ்ந்து, மின்னுற்பத்தி நிலையத்தின் இரண்டு பொறிகளைச் சுழற்றுகின்றது. இரண்டும் சேர்ந்து 120 மெகாவாற்று மின்சாரம் தரவல்லவை.

இந்தக் கணக்கை நாங்கள் விளக்கியபொழுது அன்னையார், "நான் கொழுந்து எடுத்த காலத்துல எங்க லயத்துல குப்பி வெளக்குதான்" என்றார். தலைக்கு மேலே உயர்ந்த மின்கம்பிகள் மலைக்கு மலை தாண்டிச் செல்வதைப் பார்த்துக்கொண்டே, கீழேயுள்ள லயங்களில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. அதனை அறிந்தவர்களுக்கே மின்விளக்கின் அருமை தெரியும்.

ஆடிக்காற்றில் உருகிய இரும்பு

இவ்வாவியின் முதல் மர்மம் அதன் அடியிலும் கரையிலும் கிடக்கின்றது. அணை கட்டுவதற்கு முன்பு, நீரில் மூழ்கவிருந்த நிலப்பரப்பைத் தொல்பொருள் ஆய்வாளர்கள் அடியடியாய் நடந்து ஆராய்ந்தார்கள். பிரித்தானிய ஆய்வாளரான கில் ஜுலெஃப் அம்மையார் அப்பணியில் முதன்மை வகித்தார். குன்றுகளின் சரிவிலே கருநிறக் கசடுக் கட்டிகளும், உடைந்த மண்குழாய்களும் எங்கும் சிதறிக் கிடந்தன. அவை இரும்பு உருக்கியதன் எச்சங்கள் என்பது தெளிவாயிற்று. ஆனால் ஒரு செய்தி அவரைத் திகைக்க வைத்தது. உலைகள் பல, காற்றுக்கு ஒதுக்கமான பள்ளத்தில் இல்லாமல், காற்று நேரே வந்து மோதும் மேற்குப்புறச் சரிவின் விளிம்பிலே அமைந்திருந்தன. அத்தகைய இடங்கள் 77 கண்டுபிடிக்கப்பட்டன.

மாணவர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். இரும்புக்கல்லை இரும்பாக்குவதற்கு 1,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். வெறும் கரிநெருப்பு அவ்வளவு வெப்பம் தராது. இடைவிடாமல் காற்றூட்டினாலே தரும். அதற்காகவே கொல்லன் துருத்தி வைத்திருக்கிறான். ஆனால் இங்கே துருத்திக்குப் பதிலாக, ஆடிக்காற்றையே வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள் பழங்காலத்தவர்! நீண்டு வளைந்த பின்சுவரும், வரிசையாய் மண்குழாய்கள் பதித்த முன்சுவரும் கொண்டது அவ்வுலை. பருவக்காற்று முன்சுவரின் மேலாக விரைந்து பாயும்பொழுது, அதன் பின்னே காற்றழுத்தம் குறைகின்றது. அக்குறையை நிரப்ப, மண்குழாய்களின் வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டுக் கரியை வெண்ணெருப்பாக்குகின்றது. வேலை முடிந்ததும் முன்சுவரை உடைத்து இரும்பை எடுத்துவிட்டு, அடுத்த முறைக்குப் புதிய சுவர் எழுப்புவார்கள்.

இஃது ஊகமாக நின்றுவிடவில்லை. அதே அமைப்பில் உலைகள் கட்டி, அதே இடத்தில், அதே பருவக்காற்றில் எரித்துப் பார்த்தார்கள். இரும்பு மட்டுமன்று, கரிமம் மிகுந்த எஃகே கிடைத்தது. 1996ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் இச்செய்தி வெளிவந்தபொழுது உலகம் வியந்தது. கி.பி. முதலாம் ஆயிரமாண்டில் இப்பகுதியிற் பெருந்தொழிலாய் அது நடைபெற்றிருக்கின்றது. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே சரந்தீபத்து எஃகைக் குறிப்பிட்டுள்ளார். சரந்தீபம் என்பது நம் இலங்கைத்தீவே.

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று நாம் பழமொழி கூறிக் காற்றை வைதுகொண்டு கதவைச் சாத்துகிறோம். இந்தக் குன்றில் வாழ்ந்தவர்களோ, கதவைத் திறந்து அதனை உலைக்குள் அழைத்தார்கள்.

இங்கே தமிழர் நினைவுகூர வேண்டிய பெயர் ஒன்றுண்டு. கலைமேதை ஆனந்த குமாரசுவாமி, கலையுலகிற் புகழ்பெறுமுன், இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தவர். பலாங்கொடைப் பகுதிச் சரளையில் அகப்பட்ட கனமான கருநிறக் கனியமொன்று அவரால் 1904இல் விவரிக்கப்பட்டது, அதுவே பின்பு புதியதென்று அறியப்பட்ட தோரியனைற்று. அவர் இவ்வூர்ப் பக்கத்திற் பழைய முறையில் எஃகு காய்ச்சியவர்களையும் தேடிச் சென்று, அவர்களது தொழிலை 1908இல் வெளியான தமது நூலிற் பதிவு செய்தார். அக்காலத்திலேயே அத்தொழில் அணையுந் தறுவாயில் இருந்தது. எழுதி வைக்க ஒருவர் வந்ததனால் அது மறதியினின்றும் தப்பியது.

அந்த உலைகளுட் சில இப்பொழுது நீருக்கடியில் இருக்கின்றன. அங்கே இரும்பு உருக்கியவர்களுள் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. காடழித்துத் தேயிலை நட்ட நம் முன்னோரின் பெயர்களும் துரைமாரின் சரித்திரங்களில் இல்லையே என்று, கசடுக் கட்டியொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தபொழுது நினைத்துக்கொண்டோம். பின்பு அதனை எடுத்த இடத்திலேயே வைத்தோம். பழம்பொருளை அதன் இடத்தினின்றும் அகற்றலாகாது என்பதைப் பிள்ளைகள் அங்கேயே கற்றுக்கொண்டார்கள்.

கசியும் மலை

இரண்டாவது மர்மம் நீரைப் பற்றியது. இந்த வாவியை எவராலும் முற்றாகக் கட்டிவைக்க முடியவில்லை!

அணையைச் சுற்றியுள்ள பாறைகளுக்கிடையே சுண்ணாம்புக்கல் அடுக்குகள் செல்கின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்குள் இறங்கி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாய் அதனைக் கரைத்துக் கரைத்து, பொந்துகளும் குகைவழிகளும் ஆக்கிவிடுகின்றது. இதன் பெரிய உருவத்தைக் காண விரும்புவோர், இதே மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள வவுல்பனைக் குகைக்குச் செல்லலாம். அங்கே குகைக்குள்ளேயே ஓர் ஓடை பாய்கின்றது; இருளில் வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன.

சமனலவெவ அணையின் வலப்புற மலையிலும் இத்தகைய மறைவழிகள் இருந்தன. பொறியியலாளர்கள் அதனை அறிந்தே, மலைக்குள் சுரங்கம் வெட்டி, சீமெந்துக் குழம்பைச் செலுத்தி ஒரு திரைபோல அடைக்க முயன்றார்கள். எனினும், 1992 ஒக்ரோபரில் நீர் நிரம்பிவந்த வேளையில், அணைக்குக் கீழே வலப்புற மலைச்சரிவு திடீரென உடைப்பெடுத்து, சேற்று நீர் பீறிட்டது. கீழ்ப்புறத்து ஊரார் எவ்வளவு அஞ்சியிருப்பார்கள் என்பதைக் கூற வேண்டுவதில்லை. நல்லவேளையாக, அணைக்கட்டு அசையவில்லை. கசிவும் பின்பு தணிந்து ஓரளவில் நிலைத்தது. 1998இல், அடிப்பாகம் திறக்கும் மிதவைகளில் இலட்சக்கணக்கான கனமீற்றர் மண்ணை ஏற்றிச் சென்று, நீர் நுழையுமிடத்தின்மேல் வாவிக்குள்ளே கொட்டினார்கள். ஓட்டைப் பானைக்குள் களிமண் பூசுவதைப் போன்றது அம்முயற்சி. கசிவு குறைந்தது; நிற்கவில்லை.

வினாடிக்கு ஏறத்தாழ 2 கனமீற்றர் என்று கொண்டாலும், ஒரு நாளைக்கு 17 கோடி லீற்றருக்கு மேற்பட்ட நீர் மலையினூடே வழிந்து செல்வதாகக் கணக்காகும். இவ்வளவு நீரும் வீணோ?

அவ்விடத்துத் தேநீர்க் கடையில், கல்தோட்டைப் பக்கத்து முதிய கமக்காரர் ஒருவர் எங்களோடு உரையாடினார். அவர் சிங்களத்திற் கூறியதை அன்னையாருக்கு நாங்கள் தமிழில் எடுத்துரைத்தோம். சுரங்க வழியே செல்லும் நீர், மின்னுற்பத்தி நிலையத்தைக் கடந்து நெடுந்தூரத்துக்கு அப்பாலேதான் மறுபடியும் ஆற்றைச் சேர்கின்றது. இடையிலே கிடக்கும் பழைய ஆற்றுவழியை நம்பியே கல்தோட்டையின் வயல்கள் இருக்கின்றன. அணை கட்டியபின் அவ்வயல்களுக்கென்று நீர் திறந்துவிட வேண்டிய கடப்பாடு உண்டு. மலையினூடே கசிந்து வரும் நீரும் அதே ஆற்றுவழியிலே விழுந்து, அதே வயல்களுக்குப் பாய்கின்றது.

"எந்திரம் சுற்றுகிறவர்களுக்கு அது ஒழுக்கு, எங்களுக்கு அது ஊற்று" என்றார் அம்முதியவர்.

நாங்கள் அதனை மொழிபெயர்த்ததும் அன்னையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "ஒழுகுறதுலயும் ஒருத்தன் வயிறு நெறையுதா! நல்லதுதான்" என்றார். கமக்காரருக்கு அதன் பொருளைக் கூறியபொழுது அவர் கைகூப்பிச் சிரித்தார். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஒரே மலையின் இருபுறமும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள். ஒருவரோடொருவர் பேசியது அன்றுதான்.

அங்கேயிருந்து நோக்கினால் இவ்வாவியின் சிக்கல் நன்கு விளங்குகின்றது. நீரை முழுமையாய்த் தடுத்தால் மின்சாரம் பெருகும்; கீழே நெல் வாடும். நீரை முழுமையாய் விட்டால் நெல் விளையும், விளக்கு மங்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டுகொண்டு வாழவேண்டியதே மனிதன் செய்யக்கூடியது. அந்த அளவிற் பாதியை இங்கே மலையே தீர்மானித்துவிட்டது.

காணச் செல்வோர்க்கு

இவ்விடத்துக்குச் செல்ல விரும்பும் நேயர்கள் சில செய்திகளை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஆடி, ஆவணியிற் சென்றால் காற்றின் வலிமையை அறியலாம். மார்கழி, தையிற் சென்றால், மாரி மழைக்குப் பின் நிறைந்த நீரைக் காணலாம். அணைக்கட்டருகே காவலர் கூறும் இடத்துக்கு அப்பாற் செல்லலாகாது. கரை திடீரென ஆழமாவது. நீருக்கடியில் பட்டமரங்களும் நிற்கின்றன. ஆகவே பிள்ளைகளை இறங்கிக் குளிக்க விடலாகாது. நேரமும் உடல்வலிமையும் உள்ளவர்கள், ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்புக்கும் ஒருமுறை செல்ல வேண்டும். 800 மீற்றருக்கு மேல் அறுத்துவிட்டாற்போல் நிலம் கீழே விழும் இடம் அது. அதிகாலையில் பனிமூட்டம் எழுமுன் அங்கு நின்றால், காலடியில் இவ்வாவி கண்ணாடித் துண்டாய் மின்னுவதையும், வானம் மிகத் தெளிந்த நாளில், தெற்கே வெகுதூரத்தில் உண்மைக் கடல் ஒரு வெள்ளிக்கோடாய்க் கிடப்பதையும் ஒருங்கே காணலாம்.

கரையில் ஒரு மாலை

மாலை நான்கு மணியளவில், பாதையை ஒட்டி நீர் ஒதுங்கிக் கிடந்த ஒரு சிறு மடுவின் கரையில் வாகனத்தை நிறுத்தினோம். அன்னையார் தமது சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். இரண்டு வெற்றிலையும் ஒரு சூடக்கட்டியும் நாலு செவ்வந்திப் பூவும் அதற்குள் இருந்தன. ஆடி அமாவாசைக்குச் செய்ய முடியாமற்போனதை இங்கே செய்ய வேண்டுமென்று, எவருக்கும் கூறாமல், காலையிலேயே முடிந்துகொண்டு வந்திருக்கிறார்!

மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். நான்கு தீக்குச்சிகள் கிழித்தும் சூடம் பற்றவில்லை. இரும்பையே உருக்கிய காற்று, ஒரு சூடத்தை எரியவிட மறுத்தது. "போகட்டும்" என்று அதனை மீண்டும் முடிந்துகொண்டு, வெற்றிலையின்மேற் பூவை வைத்து நீரில் விட்டார். காற்று அதனைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பட்டமரமொன்றில் சிறிது தங்கி, பின் விலகி, அப்பாற் சென்றது.

"ஏய்யா, இதைத் தாண்டித்தான் ஒன் மாமன் போனாரா?" என்று அன்னையார் எங்களைக் கேட்டார்.

"இல்லம்மா, அது தலைமன்னாரு. இது ஆத்துத் தண்ணி" என்றோம்.

"இந்தத் தண்ணி எங்க போகும்?"

பிள்ளைகள் முந்திக்கொண்டு விடை கூறினார்கள். அணையைத் தாண்டி, சுரங்க வழியே பாதியும் மலைக்கசிவாய் மீதியும் சென்று, கல்தோட்டை வயல்களுக்குப் பாய்ந்து, 1960களில் கட்டிய உடவளவைப் பெருங்குளத்திற் சேர்ந்து, அங்கே யானைக்கூட்டங்களின் தாகந் தீர்த்து, எம்பிலிப்பிட்டிப் புறத்து நெல்லையும் வாழையையும் வளர்த்து, எஞ்சியது அம்பலாந்தோட்டையருகே கடலிற் கலக்கும் என்றார்கள். பள்ளிக்கூடத்துத் தேசப்படம் முழுவதும் அவர்கள் வாயிலிருந்து வந்தது.

"அப்ப கடலுக்குப் போயிரும்" என்றார் அன்னையார்.

"போயிரும் அப்பாயி."

அவர் குனிந்து நீரில் ஒரு கை அள்ளி முகத்திற் பூசிக்கொண்டார். பின்பு எங்கள் மகளைப் பார்த்து, "உப்புக் கரிக்கல" என்றார்.

திரும்பும் வழியில் பம்பஹின்னையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அன்னையார் உறங்கிப்போனார். முடிச்சில் இருந்த சூடத்தின் மணம் வாகனத்துக்குள்ளே வீடு வரும்வரை இருந்தது.